வலுதூக்குதலில் முதல் போட்டிக்கு எப்போது இறங்கலாம்?

கேள்வியின் சாரம் இது: வயது 24, உடல் எடை 78 கிலோ, இரண்டு ஆண்டுகளாக ஜிம் பயிற்சி, ஸ்குவாட் (பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது) 140, பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை மார்பிலிருந்து மேலே தள்ளுவது) 95, டெட்லிஃப்ட் (தரையிலுள்ள பாரைத் தூக்கி நிமிர்வது) பிடிப்புக்கு உதவும் ஸ்ட்ராப் கட்டிக்கொண்டு 160. வலுதூக்குதல் போட்டியில் கலந்துகொள்ள இன்னும் எவ்வளவு எடை தூக்க வேண்டும், 74 கிலோ பிரிவுக்கு உடலைக் குறைக்க வேண்டுமா, முதலில் எதைச் செய்ய வேண்டும்?

முதல் கேள்விக்கான பதில், இப்போது தூக்கும் எடையே போதும் என்பதுதான். மாவட்ட அளவிலான தொடக்கநிலைப் போட்டிகளில் குறைந்தபட்ச எடை என்று எதையும் பொதுவாகக் கேட்பதில்லை. தேசியப் போட்டிகளுக்குத்தான் மாநிலத் தேர்வும் தகுதியும் தேவைப்படும். "இன்னும் கொஞ்சம் வலுவாகிக்கொண்டு போகலாம்" என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு வலு கூடுகிறது. ஆனால் மேடையில் எண்ணப்படும் விதத்தில் தூக்கும் பழக்கம் வருவதில்லை. உங்களுக்கு இப்போது குறைவாக இருப்பது அந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். ஆகவே நான்கு மாதங்களுக்குப் பின் வரும் ஏதாவது ஒரு போட்டியைத் தேர்ந்தெடுத்துப் பெயரைக் கொடுத்துவிட்டு, அதை நோக்கிப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

நான் இங்கே சொல்லும் விதிகள் 1972இல் தொடங்கப்பட்ட சர்வதேச வலுதூக்குதல் கூட்டமைப்பினுடையவை. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்ற வரிசையில் மூன்று தூக்குகள் நடக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் தேறிய மிக உயர்ந்த எடையைக் கூட்டினால் கிடைப்பதே உங்கள் மொத்தம். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குக் காட்டினால்தான் முயற்சி தேறும். ஏதேனும் ஒரு தூக்கில் மூன்று முயற்சிகளும் தவறினால் மொத்தமே கிடையாது. அதாவது ஸ்குவாட்டில் மூன்றும் போய்விட்டால், அதன்பின் டெட்லிஃப்டில் எவ்வளவு தூக்கினாலும் உங்கள் பெயர் தரவரிசையில் வராது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே நான் சொல்வதில் பாதி தானாகவே விளங்கும்.

இப்போது உங்கள் எண்களைப் பார்ப்போம். அவற்றைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. ஆனால் ஜிம்மில் எண்ணப்படும் எடை வேறு, மேடையில் எண்ணப்படும் எடை வேறு. ஸ்குவாட்டில் தொடை இடுப்போடு சேரும் மடிப்பின் மேற்பரப்பு, முழங்காலின் மேற்பகுதியை விடக் கீழே இறங்க வேண்டும். தொடை தரைக்கு இணையாக வந்தால் போதும் என்று பல ஜிம்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது போதாது. முன்னாலிருக்கும் கண்ணாடியைப் பார்த்து ஆழத்தை முடிவு செய்யவும் முடியாது. தொலைபேசியை இடுப்பு உயரத்தில், நேர் பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்து பாருங்கள். கேமராவைத் தரையில் சாய்த்து வைத்து எடுத்தாலோ, முன்பக்கத்திலிருந்து எடுத்தாலோ, இறங்காத ஸ்குவாட்டும் இறங்கியதுபோலவே தெரியும். உங்கள் 140 இந்த அளவுகோலில் 125 அளவுக்கு வந்தால் வியப்படைய வேண்டாம். பெரும்பாலோருக்கு அப்படித்தான் நடக்கிறது.

பெஞ்ச் பிரஸ்ஸில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. பார் மார்பில் இறங்கி அசைவின்றி நின்ற பிறகுதான் தலைமை நடுவர் "பிரஸ்" என்று சொல்வார். அந்த நிறுத்தம் சில சமயம் அரை விநாடி, சில சமயம் ஒரு விநாடிக்கும் மேல்; பார் மார்பில் எவ்வளவு விரைவாக அமைதியாகிறது என்பதைப் பொறுத்தது. மார்பில் தட்டி எழுப்பிப் பழகிய கைகளுக்கு அந்த ஒரு விநாடி மிக நீளமானது. தலை, தோள், பிட்டம் மூன்றும் பெஞ்சை விட்டு எழக் கூடாது. பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்க வேண்டும். கட்டைவிரல் பாரைச் சுற்றியே பிடிக்க வேண்டும். இரண்டு ஆட்காட்டி விரல்களுக்கு இடையே 81 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. 2023 முதல், பார் மார்பில் இருக்கும்போது முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேற்பரப்புக்கு இணையாகவோ அதற்குக் கீழேயோ இறங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருக்கிறது. முதுகை மிக உயரமாக வளைத்து, கையை அகலமாகப் பிடித்து, பாரை நான்கு விரல் தூரம் மட்டுமே நகர்த்தும் பாணியை இணையத்தில் பார்த்துப் பழகுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் 95இலிருந்து நிறுத்தி எழுப்பும் 85 கிடைத்தால் அது நல்ல தொடக்கம். டெட்லிஃப்டில் ஸ்ட்ராப்புக்கு அனுமதியே இல்லை. பிடிப்பு பழகும்வரை அங்கும் 160 என்பது 150 ஆகலாம். ஆக, உங்கள் 395 மேடை மொழியில் ஏறக்குறைய 360. இது என் ஊகம்தான். நீங்களே விதிப்படி தூக்கிப் பார்த்து உண்மையான எண்ணைக் கண்டுபிடியுங்கள். எல்லாத் திட்டமும் அதன்மேல்தான் எழ வேண்டும்.

அடுத்தது கட்டளைகள். ஸ்குவாட்டில் பாரை எடுத்துப் பின்னால் வந்து, முழங்காலைப் பூட்டி நின்ற பிறகு "ஸ்குவாட்" என்ற கட்டளை வரும்; இறங்கி ஏறி மீண்டும் பூட்டி நின்றதும், பாரைத் தாங்கியில் வைக்கச் சொல்லி "ரேக்" என்று வரும். பெஞ்சில் "ஸ்டார்ட்", "பிரஸ்", "ரேக்" என்று மூன்று. டெட்லிஃப்டில் தொடங்கக் கட்டளை இல்லை. நிமிர்ந்து, முழங்காலும் தோளும் நேரான பின் "டவுன்" என்பது மட்டும் உண்டு. அதன்பிறகும் இரண்டு கையாலும் பிடித்தே பாரை இறக்க வேண்டும், மேலிருந்து விட்டுவிட்டால் தவறு. இவையெல்லாம் கேட்பதற்கு எளியவை. ஆனாலும் எடையை முழுமையாகத் தூக்கிவிட்டு, மகிழ்ச்சியில் "ரேக்" என்ற சொல்லுக்குக் காத்திராமல் பாரை வைத்துவிட்டு, மூன்று சிவப்பு விளக்கைப் பார்த்துத் திகைக்கும் இளைஞரை ஏறத்தாழ எல்லாத் தொடக்கநிலைப் போட்டியிலும் காணலாம். வலு போதாமல் இழக்கும் முயற்சியைப் பற்றி வருந்தத் தேவையில்லை. காத்திருக்காமல் இழக்கும் முயற்சிதான் மனத்தை அறுக்கும். போட்டிக்கு முந்தைய கடைசி எட்டு வாரங்களில், கனமான செட்டுகளின் (இடைவிடாமல் சில முறை தூக்கும் தொகுப்புகளின்) முதல் முறையையும் கடைசி முறையையும் நண்பர் ஒருவரின் கட்டளைக்கேற்பச் செய்யுங்கள். அவர் வேண்டுமென்றே சில சமயம் தாமதித்துச் சொல்லட்டும்.

பயிற்சித் திட்டத்தைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. தொடக்க நிலையில் அவற்றுக்கு அவ்வளவு இடம் இல்லை. வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள், ஸ்குவாட் இரு முறை, பெஞ்ச் இரண்டு மூன்று முறை, டெட்லிஃப்ட் ஒன்று அல்லது இரண்டு முறை என்பதே பெரும்பாலோருக்குப் பொருந்தும். முதல் ஆறு வாரம் ஐந்து முறை கொண்ட செட்டுகள், அடுத்த ஐந்து வாரம் மூன்று முறை கொண்டவை, அதன்பின் ஒற்றைத் தூக்குகள் என்று போகலாம். எடையை 2.5 கிலோவாகக் கூட்டுங்கள். இன்னும் ஒன்றிரண்டு முறை தூக்க வலு மீதமிருக்கும்போதே செட்டை முடியுங்கள். ரோ (எடையை வயிற்றை நோக்கி இழுப்பது), புல்-அப், வயிற்றுப் பயிற்சி, பின்தொடைக்கான ஹாம்ஸ்டிரிங் பயிற்சி ஆகியவை உடன் இருக்கட்டும். பார் தண்டவாளம்போன்ற கம்பிகளில் ஓடும் ஸ்மித் மெஷினில் செய்யும் ஸ்குவாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் ஜிம்மில் தடுப்புக் கம்பியுள்ள ரேக் இல்லையென்றால், கனமாகத் தூக்கும் நாளுக்கு மட்டுமாவது அது உள்ள இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள். தனியாகப் பெஞ்ச் செய்யும்போது அருகில் நின்று உதவும் ஸ்பாட்டரோ தடுப்புக் கம்பியோ இல்லாமல் உச்ச எடையை முயல்வது உயிருக்கே ஆபத்தானது. கடைசிக் கனமான டெட்லிஃப்டைப் போட்டிக்குப் பத்து நாள் முன்னரும், ஸ்குவாட்டை ஒரு வாரம் முன்னரும், பெஞ்சை ஐந்தாறு நாள் முன்னரும் முடித்துவிட்டு, மீதி நாட்களில் உடல் மறக்காத அளவுக்கு இலேசாகத் தூக்கினால் போதும். மூச்சை அடக்கித் தூக்கும் விளையாட்டு இது. கணப்பொழுதில் இரத்த அழுத்தம் பெருமளவு ஏறும். இரத்த அழுத்தமோ, இதயக் கோளாறோ, குடலிறக்கமோ இருந்தால், அல்லது நாற்பது வயதைத் தாண்டித் தொடங்குகிறீர்கள் என்றால், முதலில் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

உடல் எடையைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆண்களுக்கான பொதுப் பிரிவுகள் 59, 66, 74, 83, 93, 105, 120, 120க்கு மேல் என்று பல ஆண்டுகளாக இருந்துவருகின்றன. நீங்கள் 78 கிலோவில் 83 கிலோ பிரிவில் வருவீர்கள். எடை பார்ப்பது போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்புதான் ஆரம்பிக்கிறது. போட்டிக்கு முந்தைய நாளே எடை பார்க்கும் வேறு சில அமைப்புகளின் போட்டிகளில் நீரை வற்றவைத்து இறங்கி, இரவு முழுவதும் உண்டு தேறிக்கொள்ள அவகாசம் உண்டு. இங்கே அது இல்லை. நான்கு கிலோ நீரை இழந்த உடல் இரண்டு மணி நேரத்தில் மீளாது. ஸ்குவாட்டில் கால் நடுங்கும், டெட்லிஃப்டில் தசை பிடிக்கும். மாவட்ட அளவில் பதக்கத்துக்காக எடையைக் குறைத்து, வலுவையும் சேர்த்தே குறைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கையில் உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு எந்தப் பிரிவு ஏற்றது என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்து யோசிக்கலாம். வயதுப் பிரிவையும் சொல்லிவிடுகிறேன்: 14 முதல் 18 வரை சப்-ஜூனியர், 19 முதல் 23 வரை ஜூனியர், 40இலிருந்து மாஸ்டர்ஸ், பிறந்த ஆண்டை வைத்தே இது கணக்கிடப்படுவதால் நீங்கள் இப்போது பொதுப் பிரிவான ஓப்பனில்தான் போட்டியிட முடியும்.

பெண்களும் இதே கேள்வியை இன்னும் தயக்கத்தோடு கேட்கிறார்கள். 20 கிலோ பாரும், எடைத் தட்டுகளை நகராமல் இறுக்கும் தலா 2.5 கிலோ உள்ள இரண்டு காலரும் சேர்ந்து 25 கிலோ. மேடையில் ஏற்றக்கூடிய மிகக் குறைந்த எடை அதுதான். ஆகவே எந்த எடையில் தொடங்கினாலும் அதற்கு மேடையில் இடம் உண்டு. 47 கிலோ பிரிவிலிருந்து 84க்கு மேல் வரை அவர்களுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மேலே சொன்ன எல்லாம் அவர்களுக்கும் ஒரு மாற்றமுமின்றிப் பொருந்தும்.

சாதனங்களில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கிளாசிக் என்றும் எக்விப்டு என்றும் இரண்டு வகைப் போட்டிகள் உள்ளன என்பது. எக்விப்டு வகையில் அணியும் இறுக்கமான உடைகளே எடையைத் தூக்க உதவும். தொடங்குபவர்களுக்குக் கிளாசிக் போதும். அதற்கு ஒரு சிங்லெட் (உடலை ஒட்டிய ஒரே துண்டு உடை), உள்ளே ஒரு டி-ஷர்ட், டெட்லிஃப்டுக்குக் கெண்டைக்காலை மறைக்கும் நீளமான காலுறை ஆகியவை வேண்டும்; 10 செ.மீ.க்கு மேல் அகலமில்லாத பெல்ட், 7 மி.மீ.க்கு மிகாத தடிமனுள்ள முழங்கால் ஸ்லீவ் (உறை), மணிக்கட்டில் சுற்றும் ராப் ஆகியவற்றை விரும்பினால் அணியலாம். டெட்லிஃப்டுக்குத் தட்டையான அடிப்பாகமுள்ள காலணி நல்லது; மெத்தென்ற ஓட்டப்பந்தயக் காலணி மூன்று தூக்குகளுக்குமே ஆகாது. சாதனப் பரிசோதனையில் புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது உள்ளாடையில்தான்: தொடை வரை நீளும் பாக்சர் வகைக்கு அனுமதி இல்லை, சாதாரண ஜட்டியே அணிய வேண்டும். பெல்ட், ஸ்லீவ் ஆகியவற்றில் அங்கீகரிக்கப்பட்ட பிராண்டுகளை மட்டுமே அந்தப் போட்டியில் அனுமதிப்பார்களா என்பதை விலை கொடுத்து வாங்கும் முன்பே அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவை இங்கே விலை அதிகம், சிறிய போட்டிகளில் பலர் அதை வற்புறுத்துவதில்லை.

எந்த அமைப்பின் போட்டி என்பதையும் விசாரித்தாக வேண்டும். ஒன்றோடொன்று ஒத்த பெயர்களில் பல அமைப்புகள் இந்தியாவில் போட்டி நடத்துகின்றன; எல்லாவற்றிலும் சான்றிதழும் பதக்கமும் கொடுப்பார்கள். மாவட்டத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து தேசியம் என்று போக விரும்பினால், அந்த மாவட்டச் சங்கம் மாநிலச் சங்கத்தோடும், மாநிலச் சங்கம் தேசியக் கூட்டமைப்போடும் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டை மனத்தில் வைத்திருந்தால் இன்னும் கவனமாக, அந்த வேலை அறிவிப்பில் எந்த அமைப்பின் சான்றிதழ் ஏற்கப்படும் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

ஊக்கமருந்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. நம் நாட்டில் ஊக்கமருந்து விதிமீறலில் சிக்குவோர் பட்டியலில் வலுதூக்குதல் வீரர்கள் தொடர்ந்து இடம்பெறுகிறார்கள். 2022இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமே வந்துவிட்டது. சிக்கினால் தடை பல ஆண்டுகளுக்கு நீளலாம். "ஒரு சைக்கிள் (சில வாரங்களுக்கு ஊக்கமருந்து) போட்டால் மாநிலப் பதக்கம் உறுதி" என்று ஊசியோடு வருபவர் உங்கள் ஜிம்மிலேயே இருக்கலாம். அவர் சொல்லாமல் விடுவது இதயத்துக்கும் கல்லீரலுக்கும் நேர்வதை. 24 வயதில், முறையான பயிற்சியில் இன்னும் ஐந்தாறு ஆண்டு இயற்கையாகவே வளர இடமுள்ள உடலுக்கு அதனால் கிடைப்பதை விட இழப்பதே அதிகம். லேபிளில் எதுவும் தெளிவாக இல்லாத பவுடர்களையும், "உடனடி வலு" என்று விற்கப்படும் சூரணங்களையும் தொடாதீர்கள். சளிக்காக மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரையிலும் தடைசெய்யப்பட்ட சூடோஎஃபெட்ரின் இருக்கக்கூடும், போட்டி வாரத்தில் மருத்துவரிடம் சொல்லி வாங்குங்கள். உணவில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் முதல் 2 கிராம் வரை புரதம் இருந்தால் போதும். முட்டை, மீன், கோழி, பால், தயிர், சுண்டல், பருப்பு ஆகியவற்றிலேயே அதில் பெரும்பகுதி வந்துவிடும்.

இனி போட்டி நாள். எடை பார்க்கும் இடத்திலேயே மூன்று தூக்குகளுக்குமான முதல் முயற்சி எடையையும், ஸ்குவாட் ரேக், பெஞ்ச் ஆகியவற்றின் உயர எண்களையும் கேட்பார்கள். அந்த உயரங்களை அங்குள்ள ரேக்கிலேயே முன்கூட்டிப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எடை பார்த்ததும் இட்லி, வாழைப்பழம், தயிர் சோறு என்று வயிறு அறிந்த உணவையே உண்ணுங்கள். நம் ஊர் வெயிலில், மின்விசிறி மட்டுமே உள்ள மண்டபத்தில், காலையில் தொடங்கும் போட்டி மாலை வரை நீளக்கூடும். உப்பு கலந்த நீர் கையிலேயே இருக்கட்டும்.

முயற்சி எடைகளைத் தேர்வதில்தான் முதல் போட்டி அமைகிறது. முதல் முயற்சி, சரியாகத் தூங்காத நாளில்கூட மூன்று முறை தூக்கக்கூடிய எடையாக இருக்க வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது: தவறிய முயற்சிக்குப் பின் அதே எடையை மீண்டும் கேட்கலாம், கூட்டியும் கேட்கலாம், குறைத்துக் கேட்க முடியாது. மிகக் கனமாகத் தொடங்கிவிட்டால் அந்தப் பள்ளத்திலிருந்து ஏற வழியே இல்லை. உங்கள் உண்மையான எண்கள் நான் ஊகித்தபடி 125, 85, 150 என்று வைத்துக்கொண்டால், ஸ்குவாட்டை 115, 122.5, 127.5 என்றும், பெஞ்சை 77.5, 82.5, 85 என்றும், டெட்லிஃப்டை 137.5, 147.5, 152.5 என்றும் எழுதித் தருவேன். ஒன்பதும் தேறினால் மொத்தம் 365. ஜிம்மில் சொல்லிக்கொண்ட 395ஐ விட இது குறைவாகத் தெரியலாம். ஆனால் மூன்று நடுவர்கள் முன்னிலையில் தூக்கிப் பதிவான எண் இது. முதல் போட்டியில் ஒன்பதில் குறைந்தது எட்டு முயற்சிகள் தேற வேண்டும் என்பதை மட்டும் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு கேட்கிறார் என்று பார்த்து உங்கள் எடையை மாற்றாதீர்கள்.

வார்ம்-அப் அறையில் அனுபவமுள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால், ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று ஒரு சுற்று ஏறத்தாழ அத்தனை நிமிடமே ஓடும். 115இல் தொடங்குவதென்றால் வெறும் பார், 50, 70, 90, 105 என்று ஏறி, கடைசித் தூக்கை மேடைக்குச் செல்ல ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது முடிக்க வேண்டும். சீக்கிரமே முடித்துவிட்டால் உடல் ஆறிவிடும். பிந்தினால் மூச்சிரைக்க மேடையேற வேண்டியிருக்கும். மேடையில் பெயரை அழைத்து, பார் தயார் என்று அறிவித்ததிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் தூக்கத் தொடங்க வேண்டும். தூக்கி முடித்ததும் அடுத்த எடையைச் சொல்லவும் ஒரு நிமிடமே. இந்த இரண்டாவது நிமிடத்தை மறந்துவிடுவோர் அதிகம். முயற்சி தேறிய மகிழ்ச்சியில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தால், அடுத்த எடையை 2.5 கிலோ மட்டும் கூட்டி அவர்களே எழுதிவிடுவார்கள். எடையைச் சொல்லும் பொறுப்பை உடன் வந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தால் நடுவர்கள் காரணத்தைக் குறிக்கும் வண்ண அட்டையையும் காட்டுவார்கள். ஸ்குவாட்டில் சிவப்பு அட்டை என்றால் ஆழம் போதவில்லை என்று பொருள். வாதிடாமல் அதைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள், அடுத்த முயற்சிக்கு அதே எடையைக் கேளுங்கள், இன்னும் இரண்டு விரற்கடை கீழே இறங்குங்கள். போட்டி முடிந்ததும் முயற்சிகள் பதிவான தாளைப் படம் எடுத்துக்கொண்டு, ஒன்பது முயற்சிகளின் காணொளிகளோடு வைத்துப் பாருங்கள். நடுவர்களில் ஒருவரை மரியாதையோடு அணுகிக் கேட்டால் எங்கே தயங்கினார், எங்கே மனமார வெள்ளை கொடுத்தார் என்று பெரும்பாலும் விளக்கிச் சொல்வார்கள். அடுத்த ஒரு வாரம் இலேசாக நடங்கள், நன்றாகத் தூங்குங்கள். அதன்பின் அந்தத் தாளில் எந்தத் தூக்கு பின்தங்கியிருக்கிறதோ அதிலிருந்து அடுத்த பதினாறு வாரத் திட்டத்தை எழுதத் தொடங்கலாம்.